ஆறுதலின் அவசரம்

தமிழ்க் கிறிஸ்தவ வீடொன்றில் மரணம் நேர்ந்தால், வாசலில் பந்தல் போட்டு முடிப்பதற்குள் சபையார் வந்துவிடுவார்கள். அடக்க ஆராதனை, பாடகர் குழு, கல்லறைத் தோட்டத்தில் இடம், வருகிறவர்களுக்குக் காப்பி என எதையும் துக்க வீட்டார் தேடி அலைய வேண்டியதில்லை. சுவரொட்டியிலும் ‘இறந்தார்’ என்று இருக்காது. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றிருக்கும். உறங்குகிறவர் எழுவார் என்ற உயிர்த்தெழுதல் நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. இழப்பின் முதல் நாட்களில் ஒருவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு ஈடானதை எந்த மருத்துவமனையாலும் தர முடியாது. ஆனால் இதே மரபுதான் அழுகிறவரை ‘அழக்கூடாது, அவர் பரம வீட்டில் இருக்கிறார்’ என்று அடக்குகிறது. மாதங்கள் கடந்தும் படுக்கையை விட்டு எழ முடியாதவரின் விசுவாசத்தைச் சந்தேகிக்கிறது. நம்பிக்கையைக் கொடுப்பது இந்த மரபின் பலம். துக்கம் பேசி முடிக்குமுன் அதைக் கொடுத்துவிடும் அவசரம் அதன் குறை.

இந்த அவசரத்துக்கு வேதாகமமே ஆதாரம் என்பவர்கள் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். அங்கே பவுல் நம்பிக்கையற்றவர்களின் துக்கத்திலிருந்து விசுவாசிகளின் துக்கத்தைப் பிரித்துக் காட்டுகிறார். துக்கமே கூடாது என்று சொல்லவில்லை. லாசருவை இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப்போகும் இயேசு, அதை அறிந்தே அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விடுகிறார். முடிவு தெரிந்திருந்தும் அவர் அழுகையைச் சுருக்கிக்கொள்ளவில்லை. யோபு தன் இழப்பை ஏற்றுக்கொண்டு கடவுளைத் துதிக்கும் முதல் அதிகாரம் அடக்க ஆராதனைகளில் தவறாமல் ஒலிக்கிறது. பிறந்த நாளையே அவன் சபிக்கும் 3ஆம் அதிகாரத்தை யாரும் வாசிப்பதில்லை. அவனுடைய நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகவே நடந்துகொண்டார்கள். காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். கடைசியில் கடவுளின் கோபம் அவர்கள்மேல்தான் விழுந்தது. சங்கீதங்கள் 150இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள். அவற்றில் 88ஆம் சங்கீதம் எந்த ஆறுதலுக்கும் திரும்பாமல் இருளிலேயே முடிகிறது.

விளக்கம் ஒன்று, துக்கம் வேறொன்று என்பதற்கு சி. எஸ். லூயிஸின் இரண்டு நூல்கள் சான்று. வேதனையைக் கடவுள் ஏன் அனுமதிக்கிறார் என்ற கேள்விக்கு 1940இல் அவர் நிதானமாக, தர்க்கம் பிசகாமல் ஒரு நூல் எழுதினார். 1960இல் மனைவி ஜாய் புற்றுநோயால் இறந்தபின் அவர் எழுதிய குறிப்புகள் அடுத்த ஆண்டு புனைபெயரில் வெளிவந்தன. அவற்றில் பழைய தர்க்கம் துணைக்கு வரவில்லை. கடவுளின் நல்லெண்ணத்தையே சந்தேகிக்கும் பக்கங்கள் உண்டு. ஆனாலும் லூயிஸ் விசுவாசத்தை விட்டு விலகவில்லை. சந்தேகத்தைச் சொல்ல இடம் கிடைத்ததால் நூலின் இறுதிக்குள் வேறொரு நம்பிக்கை மெல்லத் துளிர்க்கிறது. அதே சந்தேகத்தை நம் ஊர் வீட்டு ஜெபத்தில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், வாக்கியம் முடியுமுன் ஒரு வசனம் வந்து விழும்.

இப்படிப் புலம்ப விட்டால் பலவீனமானவர் அவநம்பிக்கையில் மூழ்கிவிடமாட்டாரா என்பது நியாயமான கேள்வி. அதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், நோயுற்ற முதியவர்கள் ஏறத்தாழ 600 பேர் இரண்டு ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். கடவுள் தன்னைக் கைவிட்டார், இது பிசாசின் வேலை என்று மனத்துக்குள் போராடியவர்களிடையே இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. ஆனால் அதே குழுவினரின் அடுத்த ஆய்வு, அந்தப் போராட்டம் நீங்காமல் நிலைத்துவிட்டவர்களே அதிகம் தளர்ந்தார்கள் என்று காட்டியது. கேள்வி எழுவதைவிட, அது தீராமல் தங்கிவிடுவதே ஆபத்து என்று இதை வாசிக்கலாம். வாயை அடைத்தால் கேள்வி உள்ளேதான் தங்கும். அதோடு, தளர்ந்த மனத்தைப் பிசாசின் வேலை என்று சபையே சொல்லும்போது, எந்த எண்ணத்தோடு அபாயம் சேர்ந்து வந்ததோ அதையே ஆறுதல் என்ற பெயரில் கொடுக்கிறது.

துக்கம் நோயாக மாறும் இடத்தில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகிறது. ஆறு மாதங்களைக் கடந்தும் அன்றாட வாழ்வை முடக்கும் துயரத்தை உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு தனிக் கோளாறாகவே பட்டியலிடுகிறது. அப்போது மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு ஆகாதா என்று கேட்பவர்களும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுக்கொண்டுதான் ஜெபிக்கிறார்கள். 1900இல் வேலூரில் ஐடா ஸ்கட்டர் தொடங்கிய மருத்துவப் பணி கிறிஸ்தவ விசுவாசத்திலிருந்து பிறந்ததுதான். அதிலிருந்து வளர்ந்த மருத்துவமனையின் மனநலப் பிரிவு நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை தரும் முறைக்குப் பேர்போனது. சாக வேண்டுமென்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியாவுக்கு முதலில் கிடைத்தவை உறக்கமும் அப்பமும் தண்ணீரும், அதுவும் இரண்டு முறை. கடவுள் அவனோடு பேசியது அதற்கு நெடுநாள் கழித்துத்தான்.

ஆறுதல் மரபைக் கைவிட வேண்டியதில்லை. அதன் கால அளவை மாற்றினால் போதும். உறவினர்கள் ஊர் திரும்பி வீடு வெறிச்சோடிய பிறகுதான் துக்கம் கனக்கிறது. சபையின் வருகை குறைவதும் அப்போதுதான். சபைக் கூட்டத்திலும் சாட்சி சொல்ல ஒலிவாங்கி குணமானவர் கைக்கே போகிறது; இன்னும் மாத்திரையோடு நாளைத் தள்ளுகிறவரிடம் சொல்லச் சாட்சியே இல்லை என்று ஆகிவிடுகிறது. இதை மாற்றச் சபை புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு புனித வெள்ளியன்றும் நண்பகல் முதல் மூன்று மணிவரை அது சிலுவையின் ஏழு வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நான்காவது வார்த்தை, கடவுள் ஏன் தன்னைக் கைவிட்டார் என்று இயேசுவே எழுப்பும் கூக்குரல். அதைக் கேட்டு யாரும் அவருடைய விசுவாசத்தைச் சந்தேகிப்பதில்லை, ஞாயிறு வரட்டும் என்று அவசரப்படுத்துவதும் இல்லை.