ஆற்றல் வினையும் கால அட்டவணையும்: கோலார் தங்கவயல் மும்மொழிச் சூழலை முன்வைத்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

ஆங்கிலத்தில் ஆற்றற் பொருளை உணர்த்தும் துணைவினைகளைத் தமிழ் மாணவர்க்குக் கற்பிக்கும் கையேடுகள் பெரும்பாலும் ஒரே முறையைப் பின்பற்றுகின்றன. நிகழ்காலத்திற்குக் 'கேன்', இறந்தகாலத்திற்குக் 'குட்', எதிர்காலத்திற்கு 'வில் பி ஏபிள் டு' என மூன்று கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்று தரப்படுகிறது. அவற்றிற்கு நேராக 'முடியும்', 'முடிந்தது', 'முடியும்' என்னும் தமிழ் வடிவங்கள் எழுதப்படுகின்றன. இவ்வட்டவணையைக் கற்ற மாணவர் செய்யும் பிழைகளுக்குத் தாய்மொழியின் குறுக்கீடே காரணம் என்று சொல்வதும் வழக்கமாகிவிட்டது. இக்கருத்து பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வுக்களமாகக் கோலார் தங்கவயலைக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்குச் சுரங்கத் தொழிலை நடத்தினர். வடஆர்க்காடு முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் தெலுங்குப் பகுதிகளிலிருந்தும் தொழிலாளர் பெருந்தொகையாக வந்து குடியேறினர். நிலம் கன்னட நாட்டினது. மேலாளர் மொழி ஆங்கிலம். இவ்வாறு மூன்று திராவிட மொழிகளும் ஆங்கிலமும் நூறாண்டுகளுக்கு மேலாக ஓரிடத்தில் புழங்கிவந்துள்ளன. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், அவ்வூரார் பலர் மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலில் சென்று பணிபுரிகின்றனர். அவர்களுக்கு ஆங்கிலம் இன்று வேலைக்கான நேர்காணலின் மொழியாகும். ஆகவே இவ்விலக்கணச் சிக்கல் ஏட்டளவில் நிற்பதன்று.

2. ஆங்கிலத்தின் பாகுபாடு

'கேன்' என்னும் துணைவினைக்கு எச்ச வடிவம் இல்லை. 'வில்', 'ஹேவ்' ஆகியவற்றின் பின் அது வாராது. எனவே அவ்விடங்களை 'ஏபிள் டு' நிரப்புகிறது. இது வடிவம் பற்றிய செய்தி. கையேடுகள் இதனைச் சரியாகவே கூறுகின்றன. சிக்கல் இறந்தகாலத்தில் எழுகிறது. பின்வரும் கருத்துகளை நோக்குக:

(1) இளமையில் அவர் அந்த ஏணியில் ஒரே மூச்சில் ஏற வல்லவராக இருந்தார்.
(2) நேற்று அவர் ஓடிச்சென்று வண்டியைப் பிடித்துவிட்டார். அது அவருக்கு இயன்றது.

(1)இல் உள்ளது ஒருவரிடம் நிலையாக அமைந்திருந்த ஆற்றல். இங்குக் 'குட்' இயல்பாக வரும். (2)இல் உள்ளது ஒருமுறை நிகழ்ந்து முடிந்த செயல். இங்கு 'வாஸ் ஏபிள் டு' வருவதே நெறி. செயல் நடந்தேறியது என்னும் பொருளில் உடன்பாட்டுத் தொடரில் 'குட்' வருவதைப் பொதுநிலை ஆங்கிலம் ஏற்பதில்லை என்பதை எஃப். ஆர். பாமர் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் விளக்கியுள்ளார். எதிர்மறையில் இத்தடை இல்லை. வண்டியைப் பிடிக்க இயலாதபோது 'குடின்ட்' என்றும் கூறலாம். 'வாஸ் நாட் ஏபிள் டு' என்றும் கூறலாம். நடந்தேறிய செயல் எதுவும் அங்கு இல்லாமையே இதற்குக் காரணம் எனலாம். காணல், கேட்டல் முதலிய புலனுணர்வு வினைகளோடு ஒருமுறை நிகழ்ச்சிக்கும் 'குட்' வரும் என்பது புறனடை.

எனவே பாகுபாட்டிற்கு அடிப்படை காலம் மட்டும் அன்று. ஆற்றல் உடைமையாக நிற்கிறதா, செயலாக நிறைவேறியதா என்பதே அடிப்படை. அட்டவணை இதனை மறைத்துவிடுகிறது.

3. தமிழின் பாகுபாடு

இவ்வேறுபாடு தமிழுக்குப் புதிதா எனின், அன்று.

(3) அப்போதெல்லாம் அவரால் அந்த ஏணியில் ஒரே மூச்சில் ஏற முடியும்.
(4) நேற்று அவரால் வண்டியைப் பிடிக்க முடிந்தது.

(3) இறந்தகாலச் செய்தியே. ஆயினும் '-உம்' ஈற்று வடிவம் வந்துள்ளது. (4)இல் இவ்வடிவம் வாராது. 'நேற்று அவரால் வண்டியைப் பிடிக்க முடியும்' என்பது நிறைவேறிய செயலைக் குறிப்பதில்லை. 'நேற்று பிடிக்க முடிந்தது. ஆனால் பிடிக்கவில்லை' என்பதோ முரண். எனவே 'முடிந்தது' என்பது நேற்றைய ஒருமுறை நிகழ்ச்சியைச் சுட்டும்போது செயல் நடந்ததையும் உடன் உணர்த்துகிறது.

நிகழ்காலத்திலும் இதே பாகுபாடு உண்டு. 'அவரால் நடக்க முடியும்' என்பது ஆற்றல் உண்டு என்பதையும், 'இப்போது அவரால் நடக்க முடிகிறது' என்பது அவ்வாற்றல் செயற்படுவதையும் குறிக்கின்றன. ஆங்கிலம் இரண்டிடத்தும் 'கேன்' என்று கூற இடமளிக்கிறது. ஆகவே நிகழ்காலத்தில் தமிழின் பிரிப்பே நுட்பமானது.

கற்று அடைந்த திறனுக்குத் தமிழ் வேறொரு வினையைக் கொள்கிறது. 'அவளுக்குத் தட்டச்சு செய்யத் தெரியும்' என்பதில் எழுவாய்ப் பொருள் நான்காம் வேற்றுமை பெறுகிறது; 'முடியும்' வருங்கால் மூன்றாம் வேற்றுமை பெறுகிறது. 'கேன்' என்பதன் பழைய பொருளும் 'அறிதல்' என்பதே. ஆயினும் கையேடுகளில் 'தெரியும்' என்பதற்கு இடம் அளிக்கப்படவில்லை.

4. அண்டை மொழிகள்

தங்கவயல் வகுப்பறையில் தமிழரோடு அமரும் தெலுங்கு, கன்னட மாணவரின் மொழிகளும் இப்பிரிப்பை அறிந்தவையே. தெலுங்கில் 'செய்யகலனு' என்பது 'செய்ய வல்லேன்' என்னும் பொருளது. 'செய்யகலிகானு' என்பது செய்து முடித்தமையை உணர்த்தும். கன்னடத்தில் 'மாடபல்லெ' என்பது ஆற்றல் உடைமையையும், 'மாடலு சாத்யவாயிது' என்பது செயல் கைகூடியதையும் குறிக்கும். 'பல்ல' என்னும் கன்னட வடிவம் தமிழ் 'வல்ல' என்பதோடு உறவுடையது.

இஃது உலக மொழிகள் பலவற்றில் காணப்படும் பண்பாகும். ராஜேஷ் பட் 1999இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில், இந்தியிலும் கிரேக்கத்திலும் ஆற்றல் வினை முற்றுநிலை வினைக்கூறு பெறும்போது செயல் நிறைவேறிய பொருளைத் தருவதைக் காட்டினார். வாலண்டைன் அக்கார்ட் 2006ஆம் ஆண்டு ஆய்வேட்டில் இதனை மேலும் விரித்து ஆராய்ந்தார். இவ்வாய்வுகளின் ஒளியில் நோக்கினால், தங்கவயல் மாணவர் மூவரும் வேண்டிய பாகுபாட்டைத் தம் தாய்மொழியிலிருந்தே கொண்டுவருகின்றனர் என்பது தெளிவு. தாய்மொழிக் குறுக்கீடு என்னும் குற்றச்சாட்டு இங்கு நிலைபெறாது. 'முடிந்தது = குட்' என்று எழுதிய அட்டவணையே பிழையின் பிறப்பிடம்.

5. பிழையின் விளைவு

பட்டயப்படிப்பை முடித்த ஓர் இளைஞர், 'ஐ குட் கம்ப்ளீட் த டிப்ளமா' என்று நேர்காணலில் கூறுவதாகக் கொள்வோம். அவர் கருதியது 'முடிக்க முடிந்தது' என்பது. பொதுநிலை ஆங்கிலம் பயின்ற செவி அதனை 'முடிக்க இயலக்கூடும்' என்று கொள்ள இடமுண்டு. ஏனெனில் 'குட்' நிபந்தனைப் பொருளுக்கும் உரியது. முடிந்த சாதனை வெறும் வாய்ப்பாகக் குறைந்துவிடுகிறது. 'குட் ஹேவ் கம்ப்ளீட்டட்' என்றால் நிலைமை இன்னும் மோசமாகும்; படிப்பை முடிக்கவில்லை என்பதே அதன் இயல்பான பொருள்.

இந்திய ஆங்கிலத்தில் 'குட்' இவ்வாறு வழங்குவது உண்மையே. நம்மவருள் அது தடையின்றிப் புரிகிறது. அதனை அறியாமை என்று இகழ்தல் மொழியியலார்க்கு ஏற்புடையதன்று. ஆயினும் இரு வழக்குகள் உள்ளன என்பதையும், எங்கு எது தவறாகக் கொள்ளப்படும் என்பதையும் மாணவர்க்கு அறிவிப்பது பாடநூலின் கடமை. வேலை தேடிச் செல்பவர்க்கு அவ்வறிவு மறுக்கப்படலாகாது.

6. முடிவுரை

கையேடுகள் கால அட்டவணையைக் கைவிட வேண்டுவதில்லை. அதன் இறந்தகாலக் கட்டத்தை இரண்டாகப் பிரித்தல் வேண்டும். மாணவர்க்கு எளியதொரு சோதனையும் தரலாம். தமிழ்த் தொடரில் 'முடிந்தது' என்பதை நீக்கி, 'அப்போதெல்லாம்' என்பதோடு 'முடியும்' அல்லது 'தெரியும்' என்று அமைத்தாலும் கருதிய பொருள் கெடாதெனின் ஆங்கிலத்தில் 'குட்' பொருந்தும். பொருள் கெடின் 'வாஸ் ஏபிள் டு' வேண்டும். புலனுணர்வு வினைகளை மட்டும் தனியே குறித்தல் போதும். 'முடியும்' என்பது எதிர்காலத்திற்கும் உரியதாகலின், ஆற்றல் இனிமேல்தான் வரவிருப்பதாயின் 'வில் பி ஏபிள் டு' என்றும், இப்போதே உள்ளதாயின் 'கேன்' என்றும் பிரித்துக் காட்டுதல் வேண்டும்.

பிறமொழி இலக்கணம் கற்பிப்போர் மாணவரின் மொழியைத் தடையாகக் கருதாமல் கருவியாகக் கொள்ளின், இத்தகைய சோதனைகள் பல கிடைக்கும். அதற்கு முதற்கண் தமிழ்த் துணைவினைகளின் பொருள் நுட்பங்கள் பாடநூலாசிரியர்க்குத் தெரிந்திருத்தல் இன்றியமையாதது.