அரிதாரமும் உடலும்: கூத்துக் கலைஞரின் உடற்பாதுகாப்பு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வடதமிழகத்துப் பாரதக் கூத்தில் நடிப்பவரின் உடல், சடங்குக் குறியாகவும் அழகியல் ஊடகமாகவும் பலமுறை ஆராயப்பட்டுள்ளது. உழைத்துக் களைக்கும் உடலாகவும் காயமுறக்கூடிய உடலாகவும் அது அரிதாகவே நோக்கப்பட்டுள்ளது. கூத்து மரபு தன்னளவில் பாதுகாப்பு ஏற்பாடுகள் பலவற்றைச் சடங்கு வடிவிலும் நிகழ்த்துமுறையிலும் கொண்டிருக்கிறது என்பதையும், அவை கண்முன் நேரும் ஆபத்தைத் தடுக்கும் அளவிற்கு மெல்லச் சேரும் தீங்கைத் தடுப்பதில்லை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கட்டைக்கூத்து, அரிதாரம், தபசு மரம், பின்பாட்டு, நடிகர் உடல்நலம், நலவாரியம்.

முன்னுரை

நடிக்க வருதலை 'அரிதாரம் பூசுதல்' என்று குறிப்பது தமிழ் வழக்கு. மேடையை விட்டு விலகியவரை 'அரிதாரம் கலைத்தவர்' என்பர். அரிதாரம் என்பது ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் நிறக் கனிமம். சித்த மருத்துவம் இதனைப் பாடாண வகையில் வைத்து, சுத்தி செய்த பின்னரே மருந்துக்குக் கொள்ளும். நஞ்சின் பெயரொன்று ஒரு கலைத்தொழிலின் பெயராகவே நிலைத்துவிட்டது. நாடக ஆய்வுகள் இச்சொல்லைப் பன்முறை ஆள்கின்றன. அதன் பொருளில் நின்று நோக்கியவை மிகச் சில. இந்த மறதி சொல்லளவில் நின்றுவிடவில்லை என்பதே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

குறியாகிய உடலும் உழைக்கும் உடலும்

தமிழில் நடிப்புக் குறித்த சிந்தனை தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலிருந்து தொடங்கப்படுவது மரபு. எண்வகை மெய்ப்பாடுகளும் உள்ளத்து உணர்வை உடலின்வழிப் பிறர் அறியுமாறு புலப்படுத்துவன. இங்கு உடல் ஒரு குறி, பார்ப்பவரை நோக்கியது. பிற்கால நாடகத் திறனாய்வு இப்பார்வையையே பெரிதும் பின்பற்றியது.

சிலப்பதிகார அரங்கேற்று காதை இதற்குச் சற்று வேறானது. அரங்கிற்கு நிலம் தேர்தல், ஏழுகோல் அகலம், எட்டுகோல் நீளம், ஒருகோல் உயரம் என்னும் அளவுகள், தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு அமைத்தல் ஆகியன அங்குக் கூறப்படுகின்றன. ஆடுபவர் எத்தகைய இடத்தில் ஆடவேண்டும் என்ற அக்கறை அந்நூலுக்கு இருந்திருக்கிறது. ஆயினும் மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என்ற செய்தி சிறப்பாகவே சொல்லப்படுகிறது. அவ்வேழாண்டுப் பயிற்சியை அச்சிறுமியின் உடல் எவ்வாறு தாங்கியது என்ற வினா அங்கு எழவில்லை. அரங்கை அளந்த மரபு ஆடுபவரின் உழைப்பை அளக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் கூத்தாய்வுகளிலும் இவ்விடைவெளி தொடர்கிறது. ரிச்சர்டு பிராஸ்காவின் 1990ஆம் ஆண்டு நூலும், ஆல்ப் ஹில்டெபைட்டல் 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய இரு தொகுதிகளும் கூத்தின் சடங்குத் தன்மையை விரிவாக விளக்கின. தமிழில் ந. முத்துசாமியின் கட்டுரைகள் தெருக்கூத்து நடிகரின் உடலை நவீன நாடகத்திற்கான பெரும் வளமாகக் கண்டன. இவை யாவும் மதிப்புடையவை. எனினும் முன்னவற்றில் உடல் தெய்வம் இறங்கும் களம். பின்னதில் ஆற்றலின் ஊற்று. 1999இல் வெளிவந்த ஹன்னா தெ புருயின் நூல், கட்டைக்கூத்தைப் பிழைப்புக்கான தொழிலாகவும் காண வற்புறுத்தியதன்வழி இப்போக்கிலிருந்து விலகியது. அவ்விலகலைத் தொடர்ந்து சென்றால், விடியும்வரை ஆடியவர் மறுநாள் இன்னோர் ஊரில் எவ்வாறு ஆடுகிறார் என்ற எளிய வினாவும் ஆய்வுக்குரியதாகும்.

சடங்கினுள் உறையும் பாதுகாப்பு

கூத்தில் ஆபத்து மிகுந்த இடங்கள் சிலவற்றை மரபே அடையாளம் கண்டிருக்கிறது. அவற்றுள் முதலாவது அருச்சுனன் தபசு. உயர்ந்த மரத்தில் அடிமரப் படிகள் பொருத்தி, ஒவ்வொரு படியிலும் பாடியவாறே நடிகர் ஏறுகிறார். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழம், பூ, திருநீறு ஆகியவற்றைப் பெறக் கீழே மக்கள் காத்திருப்பர். மகப்பேறு வேண்டும் பெண்கள் அவருள் சிறப்பாக இடம்பெறுவர். பல ஊர்களில் இவ்வேடமிடுபவர் விரதமிருந்து காப்புக் கட்டிக்கொண்டு ஏறுவது வழக்கம்.

இரண்டாவது துகிலுரிதல். துச்சாதனன் வேடமிட்டவருக்கும் திரௌபதி வேடமிட்டவருக்கும் வேகம் வந்துவிடக்கூடும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. காட்சிக்கு முன் கற்பூரம் ஏற்றி வணங்குவதும், கட்டுமீறுவோரைத் தாங்கிப் பிடிக்கச் சிலர் அருகிலேயே நிற்பதும் இதனால்தான். மூன்றாவது இரணியன் வதம். கூத்திற்கு வெளியே, தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் தெலுங்கில் நிகழும் பாகவத மேளாவிலும் இதற்கு இணையான ஏற்பாட்டைக் காணலாம். அங்கு நரசிம்ம முகமூடி அணிபவர் நோன்பிருக்கிறார்; அவர் இரணியன்மீது பாய்ந்துவிடாதவாறு பிறர் பற்றிக்கொள்கின்றனர்.

ஆய்வாளர்கள் இவற்றைப் புனிதத்தின் அடையாளங்களாக விளக்கினர். அவ்விளக்கம் தவறன்று, முழுமையானதும் அன்று. விரதம் என்பது ஏறுபவர் மது அருந்தாமல் தெளிவோடு இருப்பதற்கான உறுதி. காப்பு என்பது அப்பொறுப்பை ஊரறிய ஏற்றல். பற்றிக்கொள்வோரின் இருப்பு, எதிரில் நடிப்பவருக்கு அடிபடாமல் காக்கும் ஏற்பாடு. வேலையிடத்துப் பாதுகாப்பு என இன்று வழங்கப்படுவது அங்குச் சடங்கின் மொழியில் சொல்லப்பட்டிருக்கிறது. நடிகர் சொல்லுக்குக் கட்டுப்படாத ஊரும் தெய்வத்தின் பெயரால் கட்டுப்படும் என்பதே அம்மொழியின் வலிமை.

அதன் குறையும் அங்கேயே உள்ளது. இரவுக் கூத்தின் தொடர்ச்சியாக விடியற்பொழுதில் மரமேறும்போது, பசியும் உறக்கமின்மையும் சேர்ந்த உடலே ஏறுகிறது. மதுவை விலக்கிய அதே விரதம் உடலின் வலுவையும் குறைக்கிறது. மேலும், கால் தவறி நேரும் விபத்திற்கு விரதக் குறையைக் காரணமாகக் காட்ட இச்சடங்கு மொழி இடந்தருகிறது. படி சரியாகப் பொருத்தப்பட்டதா, மரம் முன்கூட்டிச் சோதிக்கப்பட்டதா என்று விழா நடத்துவோரிடம் எழவேண்டிய வினா, விழுந்தவரின் ஒழுக்கம் பற்றிய வினாவாகத் திரிந்துவிடுகிறது. பாதுகாப்பின் பொறுப்பு முழுவதையும் நடிகரின் தூய்மைமீது ஏற்றுவது பாதுகாப்பாகாது.

குரல், மூச்சு, சுமை

சடங்கைச் சாராத பாதுகாப்பு முறைகளும் கூத்தின் அமைப்பில் உண்டு. முகவீணையின் உச்சச் சுருதிக்கு ஏற்ப, திறந்த வெளியில் இரவு முழுவதும் பாடவேண்டியவர் கூத்து நடிகர். ஆடிக்கொண்டே பாடுவதால் மூச்சின் தேவை இருமடங்காகிறது. நடிகர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திரும்பப் பாடுவது இசைநயத்திற்காக மட்டும் அன்று. அவ்விடைவெளியில்தான் நடிகர் மூச்சு வாங்குகிறார், கிறிக்கி சுற்றுகிறார், அடுத்த அடிக்கு ஆயத்தமாகிறார். கட்டியக்காரன் நீட்டும் நகைச்சுவையும் அத்தகையதே. அவன் பேசும் நேரம் அரசன் வேடமிட்டவர் ஓய்ந்து நிற்கும் நேரம். கட்டியக்காரனைச் சமூக விமரிசகனாகப் போற்றும் ஆய்வுகள் அவனை உடன் உழைப்பவனாகவும் காணவேண்டும்.

கட்டைகளின் அமைப்பிலும் இவ்வக்கறை தெரிகிறது. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவற்றைச் செய்யக் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரம் தேர்ந்துகொள்ளப்படுகிறது. தலையில் துணி சுற்றி அதன்மேலேயே கிரீடம் கட்டப்படுகிறது. சுழன்றாடும்போது நழுவாதிருக்கக் கயிற்றை இறுக்கிக் கட்டவேண்டும். இறுக்கம் மிகுந்தால் தோளும் மார்பும் வலிக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவை அனுபவமுள்ள கை மட்டுமே அறியும். வேடம் கட்டுதல் ஒப்பனைக்கலை மட்டுமன்று, உடலறிவும் ஆகும்.

மெல்லச் சேரும் தீங்கு

மேற்கண்டவை கண்முன் நிகழும் ஆபத்தைப் பற்றியவை. பல ஆண்டுகளில் சேரும் தீங்கை அறியும் வழி மரபில் இல்லை. அரிதாரம் இதற்குத் தக்க சான்று. கேரளத்துக் கதகளியில் மனையோலை என்ற பெயரில் அரிதாரமும், சாயில்யம் என்ற பெயரில் பாதரசம் கலந்த சிவப்பும் பயன்பட்டு வந்துள்ளன. அரிதாரம் நீரில் எளிதில் கரையாதது. எனினும் வியர்வையில் ஊறி, வாயோரம் வழிந்து, ஆண்டுக்கணக்கில் தோலோடு இருக்கும் பூச்சைத் தீங்கற்றது என்று கொள்ள முடியாது. ஆர்செனிக் நெடுங்காலம் உடலிற் சேர்ந்தால் தோலின் நிறமாற்றம், தடிப்பு முதலியன தோன்றும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி.

பூச்சின் தீங்கு பொதுக் கவனத்திற்கு வந்த நிகழ்வொன்றை ஜப்பானியக் கபுகி வரலாறு பதிவுசெய்திருக்கிறது. 1887இல் பேரரசர் மெய்ஜி முன்னிலையில் நடித்த நான்காம் நகமுரா புகுசுகேவின் கால் மேடையிலேயே நடுங்கியது. வெண்பூச்சிலிருந்த ஈயமே காரணம் எனக் கருதப்பட்டு, ஈயம் கலவாத பூச்சுக்கான தேடல் வலுப்பெற்றது. நாடாளுபவர் முன் நடுங்கியதால் அக்கால் வரலாற்றில் இடம்பெற்றது. ஊர்ப்பொதுவில் ஆடும் கூத்தரின் உடலில் நேரும் மாற்றத்திற்கு அத்தகைய சாட்சிகள் இல்லை; அது முதுமையாகவோ விதியாகவோ கொள்ளப்பட்டு மறைகிறது.

இன்று பலர் கடையில் வாங்கும் வண்ணப்பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுகின்றனர். பழைய கனிமம் விலகியது நன்று. ஆனால் அப்பொடி முகத்தோலுக்கு உகந்ததா என்பதைப் பூசுபவர் அறிய வழியில்லை. உறக்கமின்மையும் இவ்வாறே. திரௌபதியம்மன் விழாப் பருவமாகிய பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில் தொடர்ந்து இரவில் ஆடி, பகலில் பயணம் செய்யும் குழுவினருக்கு அப்பருவமே ஆண்டின் பெரும்பகுதி வருவாயைத் தருவது. ஓரிரவு ஓய்வு என்பது ஓரிரவுக் கூலியை இழத்தல்.

நலவாரியமும் சட்டமும்

2007இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம், கலைஞரைத் தொழிலாளராக அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம். விபத்து மரணம், இயற்கை மரணம், பிள்ளைகளின் கல்வி, திருமணம் முதலியவற்றிற்கு அது நிதியுதவி அளிக்கிறது. இவ்வுதவிகள் தேவையானவை, ஆயினும் பெரும்பாலும் இழப்பிற்குப் பின் வருபவை. மரமேறுவதற்கு முன் படியைச் சோதிப்பதும், பூச்சுப்பொடியை ஆய்வுக்கூடத்தில் பார்ப்பதும், தொண்டையையும் தோலையும் ஆண்டுக்கொருமுறை மருத்துவரிடம் காட்டுவதும் பணத்தளவில் சிறியவை, பயனளவில் பெரியவை.

குழந்தைக் கலைஞர் நிலை மேலும் கவனத்திற்குரியது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தைத் தொடர்ந்து 2017இல் வந்த விதிகள், பதினான்கு வயதிற்குட்பட்ட கலைஞர் நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றி 3 மணி நேரத்திற்கு மேலும் பணியாற்றலாகாது என்கின்றன. திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் முதன்மையாகக் கருதி எழுதப்பட்ட இவ்வளவை, விடியும்வரை நிகழும் கூத்தோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்தா. இதற்குக் கலையுலகிலிருந்தே ஒரு விடை முயலப்பட்டது. சிறுவயதிலேயே பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்த பெ. ராஜகோபாலும் ஹன்னா தெ புருயினும் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம், பள்ளிக்கல்வியையும் கூத்துப்பயிற்சியையும் ஒருசேர அளித்தது, பெண்பிள்ளைகளுக்கும் இடந்தந்தது. கலை நிலைக்க வேண்டுமாயின் பிள்ளையின் உறக்கமும் படிப்பும் அதற்கு விலையாக வேண்டியதில்லை என்பதை அது செயலில் காட்டியது. 2020இல் அது மூடப்பட்டது. அதன் அனுபவம் பாடத்திட்டமாகவும் விதியாகவும் வளர்த்தெடுக்கப்பட வேண்டியது.

முடிவுரை

கூத்துமரபு தன் கலைஞரின் உடலைப் பொருட்படுத்தாத மரபு அன்று. விரதம், காப்பு, பற்றிக்கொள்வோர், பின்பாட்டு, கட்டியக்காரன், எடைகுறைந்த கட்டை ஆகிய யாவும் நடிப்பவர் வீழாமல் இருக்கக் கண்ட வழிகள். அவற்றைச் சடங்கென்றும் அழகியலென்றும் மட்டும் வகுத்ததால், அவற்றினுள் இருந்த உடலறிவு ஆய்வில் இடம்பெறாமல் போயிற்று. அவ்வறிவை முழுமையெனக் கொண்டாடுவதும் பிழையே. நஞ்சையும் களைப்பையும் தடுக்க அதனால் இயலவில்லை. கள ஆய்வுக்குச் செல்வோர் பாடலையும் அடவையும் பதிவதோடு, நடிகர் எத்தனை இரவு தொடர்ந்து ஆடினார், எதைப் பூசினார், எங்கு உறங்கினார், காயத்திற்கு யார் செலவிட்டார் என்பவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். அப்பதிவுகள் சேர்ந்தால்தான் நலவாரியத்தின் முன் வைக்கத்தக்க சான்று உருவாகும். அரிதாரம் என்ற சொல் நடிப்பைக் குறித்து இனியும் வழங்கட்டும். அதன் நஞ்சு கலைஞரின் தோலில் தங்காதிருக்க வழிகாண்பது ஆய்வுலகின் கடமையும் ஆகும்.