பாட்டு தெரியும், கதை இனிமேல்தான்

2029 மார்ச் 22 அன்று பி. ரம்லி பிறந்து நூறு ஆண்டு நிறைகிறது. பினாங்கில் பிறந்து, அங்கேயே பாடிப் பழகி, பத்தொன்பதாவது வயதில் சிங்கப்பூர் போய் மலாய்த் திரையுலகின் முகமாகவே ஆகிவிட்டவர் அவர். நடிகர், இயக்குநர், பாடகர், இசையமைப்பாளர் என்று எல்லாப் பொறுப்பும் அவர் கையில் இருந்தது. 1973 மே 29இல் நாற்பத்துநான்கு வயதில் மறைந்தபோது இருநூறுக்கு மேற்பட்ட பாட்டுகளை விட்டுச் சென்றார். ஜோர்ஜ் டவுனின் நாடக ரசிகர்கள் இந்த நூற்றாண்டுக்கு எதை எதிர்பார்க்கலாம்? சிலைக்கு மாலை, திரைப்பட விழா, தபால்தலை எல்லாம் வரட்டும். ஆனால் அந்தப் பாட்டுகளை மட்டுமே வைத்துக் கட்டிய ஒரு முழுநீள மேடை இசை நாடகம் இன்னும் பாக்கி இருக்கிறது.

ஊரறிந்த பாட்டுகளை எடுத்து அவற்றைச் சுற்றி நாடகம் கட்டுவது இன்று உலகெங்கும் பெரிய தொழில். 1999 ஏப்ரல் 6 அன்று லண்டனில் அரங்கேறிய ‘மம்மா மியா’ அதற்குப் பெருவழி போட்டது. ஸ்வீடனின் ‘அப்பா’ (ABBA) குழு பாடிய பாட்டுகளை வைத்து கேத்தரின் ஜான்சன் ஒரு கிரேக்கத் தீவுக் கதையை எழுதினார். கதையில் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நியூயார்க்கில் 2001 முதல் 2015 வரை 5,758 காட்சிகள் ஓடியது. 2005இல் வந்த ‘ஜெர்சி பாய்ஸ்’ வேறு வழியில் போனது. ஃபோர் சீசன்ஸ் குழுவின் பாட்டுகளோடு அந்தக் குழுவின் கதையையே மேடையில் சொன்னது. இந்த வகையில் வரும் எந்த நாடகமும் இவ்விரு வழிகளில் ஒன்றைத்தான் பிடிக்கிறது: ஒன்று பாட்டுக்காரரின் வாழ்க்கை, இன்னொன்று பாட்டுக்குள் பொதிந்திருக்கும் வேறொரு கதை.

ரம்லிக்கு முதல் வழி ஒருமுறை ஆகிவிட்டது. 2007 அக்டோபரில் கோலாலம்பூர் இஸ்தானா புடாயாவில் ‘பி. ரம்லி தி மியூசிக்கல்’ அரங்கேறியது. தியாரா ஜாக்குலினாவின் நிறுவனம் தயாரித்தது. முந்தைய ஆண்டு அதே அரங்கில் ‘புத்ரி குனோங் லேடாங்’ இசை நாடகத்தை வெற்றியாக நடத்திய நிறுவனம் என்பதால் எதிர்பார்ப்புக்குக் குறைவில்லை. ரம்லியாக மஸ்லி ரம்லி, அவர் மனைவி சலோமாவாக லிசா ஹனிம். இசை சிங்கப்பூரின் டிக் லீ. கவனிக்க வேண்டியது இதைத்தான்: கதையை நகர்த்திய பாட்டுகள் பெரும்பாலும் டிக் லீ புதிதாகப் போட்டவை. ரம்லியின் வாழ்க்கையை மேடை ஏற்றினார்கள். ரம்லியின் பாட்டுப் பெட்டி பெரும்பகுதி திறக்கப்படாமலே இருந்தது.

அந்தப் பெட்டியின் பூட்டும் இப்போது தளர்ந்திருக்கிறது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பாளர் மறைந்து 50 ஆண்டுகள் வரைதான் உரிமை. அந்தக் கணக்கில் ரம்லி போட்ட மெட்டுகளின் உரிமைக் காலம் மலேசியாவுக்குள் 2023 கடைசியோடு முடிந்தது. ஆனால் அவர் பாட்டுகள் பலவற்றுக்கு வரி எழுதியவர்கள் வேறு ஆட்கள். எஸ். சுதர்மாஜி, ஜமில் சுலோங் போன்றோரின் பங்குக்குத் தனிக் கணக்கு உண்டு. பழைய ஒலிப்பதிவுகளுக்கு இன்னொரு கணக்கு. மெட்டு கையில் கிடைத்துவிட்டது என்பதற்காக, வரிக்கு உரியவர்களைக் கேட்காமல் ஒத்திகை தொடங்கிவிட முடியாது.

இந்தச் சிக்கல் தமிழ் மேடைக்குப் புதிதல்ல. பாரதியார் பாட்டுகளின் ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமை ஏவி. மெய்யப்பனிடம் இருந்தது. 1947இல் அவர் எடுத்த ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் தமிழ்நாடு முழுக்கப் பரவின. மறு ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்க்க, மெய்யப்பன் வழக்குப் போட்டார். அந்தச் சகோதரர்களில் ஒருவரான, நாடக மேடையில் பாரதியைப் பாடியே வளர்ந்த டி.கே. சண்முகத்துக்கு அது எப்படி இருந்திருக்கும்! பாரதி பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி நீதிமன்றத்தை விட்டுத் தெருவுக்கு வந்தது. எழுத்தாளர்கள் கூடிக் கோரினார்கள். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசாங்கம் உரிமையை ஏற்றது. மெய்யப்பன் பணம் வாங்காமலே விட்டுக் கொடுத்தார். பாரதி குடும்பத்துக்கு அரசு தொகை வழங்கியது. பிறகு அந்தப் பாட்டுகள் பொதுச்சொத்தாயின. ஒரு கவிஞனின் எழுத்தை அரசே வாங்கி மக்களிடம் விட்ட அந்த நிகழ்ச்சியை ஆ.இரா. வேங்கடாசலபதி தனி நூலாகவே எழுதியிருக்கிறார். இன்று இசைக்கவி ரமணன் பாரதியாக நடிக்கும் ‘பாரதி யார்?’ போன்ற மேடை நாடகம் பாரதி பாட்டை யாரிடமும் கேட்காமல் பாட முடிகிறது என்றால், அந்தக் கதவு முதலில் திறந்தது 1949இல்தான்.

உரிமை தீர்ந்தால் போதுமா? ரசிகர்கள் ஏன் போவார்கள் என்ற கேள்வி நிற்கிறது. வீட்டில் ஒரு விரலைத் தட்டினால் கேட்கக் கிடைக்கும் பாட்டுக்கு டிக்கெட் எடுத்து, அரங்கம் வரை போய் உட்காருவது எதற்கு?

பினாங்குக்கு இதற்குப் பதில் நூற்றைம்பது ஆண்டுகளாகத் தெரியும். 1870களிலிருந்து பம்பாயின் பார்சி நாடகக் கம்பெனிகள் இங்கே வந்து கூடாரம் போட்டன. அவற்றைப் பார்த்து, மலாய் மொழியில் அதே பாணியில் ஆடப் பிறந்ததுதான் பங்சாவான். அதன் முதல் குழுக்களில் ஒன்றை நடத்திய மாமாக் புஷி பினாங்குக்காரர். பங்சாவானில் எழுதி வைத்த வசனம் கிடையாது. நடிகர்கள் காட்சிக்குக் காட்சி இட்டுக்கட்டிப் பேசினார்கள். பாட்டு மட்டும் கையிருப்பில் தயாராக இருந்தது. சோகத்துக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று. கூட்டத்துக்குப் பாட்டுகள் அத்துப்படி. இன்றைக்கு அந்தப் பாட்டு எந்த இளவரசியின் வாயில், எந்தத் துயரத்தில் வந்து விழுகிறது என்பதைப் பார்க்கத்தான் வந்தார்கள். இதை விரிவாக ஆராய்ந்து 1993இல் நூலாக்கிய தான் சூய் பெங், பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்.

போரியாவும் அப்படித்தான். முஹர்ரம் மாதத்தையொட்டி பினாங்குத் தெருக்களில் வளர்ந்த இந்தக் கூத்தில், தலைப்பாட்டுக்காரர் வரியை எடுப்பார். வண்ண உடை போட்ட குழு திருப்பிப் பாடும். மெட்டு பெரும்பாலும் அந்தக் காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்த ஏதோ ஒரு பாட்டினுடையது. வரிதான் புதிது. ஊர் வம்பு, ஊர் நியாயம் எல்லாம் அந்த மெட்டில் ஏறும். இந்திய முஸ்லிம்களின் கை இதில் ஆரம்பத்திலிருந்தே உண்டு.

தமிழர்கள் கொண்டுவந்த கணக்கு இன்னும் சுவையானது. கப்பலேறி இலங்கை, பர்மா, மலாயா என்று சுற்றிய நாடகக் குழுக்களின் மூலதனம் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு. 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்தவர் அவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று அவர் எழுதிய நாடகங்கள்தான் ஸ்பெஷல் நாடகத்தின் அடிவாரம். வள்ளியாக ஆட ஓரிடத்துக்காரர், முருகனாக ஆட வேறு ஊர்க்காரர், பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை என்று ஒன்றும் இருக்காது. அன்று இரவு மேடையில்தான் முதல்முறை சேர்ந்து நிற்பார்கள். மேடை ஓரத்தில் ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்ததும் நாடகம் தானாக நடக்கும், ஏனென்றால் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். எதிரே பாயை விரித்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கும் மனப்பாடம்.

அந்தக் கூட்டம் எதற்காக விடியவிடிய உட்கார்ந்தது? வள்ளியை முருகன் கட்டிக்கொள்வானா என்று தெரிந்துகொள்ளவா? எஸ்.ஜி. கிட்டப்பா இன்றைக்கு அந்த இடத்தில் எந்தப் பிடி பிடிக்கிறார், கே.பி. சுந்தராம்பாள் அதற்கு எப்படிப் பதில் கொடுக்கிறார் என்பதற்காக உட்கார்ந்தது. பிடித்துப் போனால் ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்தும். கதை அங்கேயே நிற்கும். பாட்டு மறுபடி தொடங்கும். லண்டனில் ‘மம்மா மியா’ பார்க்க வந்தவர்கள் தலைப்புப் பாட்டின் முதல் சில சுரங்கள் கேட்டதுமே வாய்விட்டுச் சிரித்தார்கள். இந்த இடத்துக்கா இந்தப் பாட்டைக் கொண்டுவந்து வைத்தாய் என்ற ஆனந்தம் அது. மதுரைப் பந்தலில் எழுந்த ஒன்ஸ்மோருக்கும் அந்தச் சிரிப்புக்கும் தூரம் அதிகமில்லை.

ஆக, ரசிகர் காத்திருப்பது பாட்டுக்காக மட்டும் அல்ல, பாட்டு வந்து உட்காரப் போகும் இடத்துக்காக. பாட்டுக்காரரின் வாழ்க்கையைச் சொல்லும் வழி பலவீனமாவது இங்கேதான். அதில் பாட்டின் இடம் முன்கூட்டியே தெரிந்துபோகிறது. ஸ்டூடியோவுக்குள் போவார், பாடுவார், கைதட்டு வரும். ‘அசீசா’ பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். 1955இல் ரம்லி முதன்முதலாக இயக்கிய ‘பெனாரேக் பேச்சா’ படத்தில் அது ஒரு சைக்கிள் ரிக்ஷாக்காரனின் பாட்டு. பணக்கார வீட்டுப் பெண்ணை நினைத்துப் பாடுகிறான். வாழ்க்கை வரலாற்று நாடகம் என்றால் பினாங்கில் ரம்லியின் இளமைக் காதல் காட்சியில் போய் விழும், வேறு போக்கிடம் இல்லை. புதுக்கதை என்றால்? இன்றும் ஜோர்ஜ் டவுனில் பயணிகளைப் பூ அலங்கார ரிக்ஷாவில் சுற்றிக்காட்டும் ஒரு முதியவர், அதே பெயருள்ள பேத்தியைத் தூங்க வைக்கப் பாடலாம். ஒரு எழுத்தும் மாறாது, பாட்டு வேறாகிவிடும். ‘கெத்தாரான் ஜீவா’வும் அப்படியே. ‘அந்தாரா டுவா டார்ஜாட்’ படத்தில் அரச குடும்பத்துப் பெண்ணுக்கும் சாதாரண இசைக்காரனுக்கும் நடுவே பியானோவோடு வரும் பாட்டு. ஏற்றத்தாழ்வு என்ற அந்தப் பொருள் இன்றைய பினாங்கில் எத்தனையோ வீட்டு வாசல்களில் நிற்கிறது.

ரம்லி நாடகத்துக்குத் தமிழ் ரசிகர் எதற்காகப் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1948இல் புக்கிட் மெர்தாஜாம் விவசாயக் கண்காட்சியில் பாடிய இளைஞனைச் சிங்கப்பூருக்கு அழைத்தவர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் என்ற இந்திய இயக்குநர். முதல் படமான ‘சிந்தா’வில் ரம்லிக்கு வில்லன் வேடம், கதாநாயகனுக்குக் குரல் மட்டும் கொடுத்தார். அவரையே கதாநாயகனாக்கி 1950இல் ‘பக்தி’ எடுத்தவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர். ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் எஸ். ராமநாதன் போன்ற தமிழ் இயக்குநர்களும் வேலை செய்தார்கள். காதலன் மரத்தடிக்கு வந்ததும் பாட்டு வரும், பிரிந்ததும் பாட்டு வரும் என்ற அமைப்பு அந்தப் படங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பிப் பார்த்தால் தமிழ் மேடையில்தான் இந்த வகை இன்னும் துணிந்து செய்யப்படவில்லை. ஏ.ஆர். ரஹ்மானின் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002 ஜூனில் லண்டன் அப்பல்லோ விக்டோரியா அரங்கில் தொடங்கியது. ‘சைய்யா சைய்யா’, ‘முதல்வன்’ படத்தின் ‘ஷக்கலக்க பேபி’ எல்லாம் அதில் இருந்தன. 2004இல் நியூயார்க்கும் போனது. ஆனால் கதை பம்பாய், மொழி ஆங்கிலம். 2016இல் ஃபெரோஸ் அப்பாஸ் கான் மும்பையில் ‘முகல்-ஏ-ஆஸம்’ படத்தை மேடையாக்கி, நௌஷாத் பாட்டுகளை நடிகர்களே நேரடியாகப் பாடும்படி செய்தார். தமிழில் அந்த அளவுக்குச் செலவழித்து, அந்த அளவுக்கு ஒத்திகை பார்த்து ஒரு கண்ணதாசன் நாடகம் எங்கே? பாட்டுக் கச்சேரி உண்டு, நினைவு விழா உண்டு. கதை இல்லை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் சக்தி நாடக சபாவில் நடித்தவர். 1959இல் இருபத்தொன்பது வயதில் மறைந்தவர். அவர் வரிகளில் உழவரும் தொழிலாளரும் சின்னப் பையன்களும் பாத்திரங்களாகவே நிற்கிறார்கள். ஒரு நாடகாசிரியர் அவர்களைக் கோத்தால் போதும்.

பினாங்கிலேயே இன்னொரு சொத்து கிடக்கிறது. அறுபதுகளின் இறுதியில் இங்கே தொடங்கிய ஆலிகேட்ஸ் குழு. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள், பந்துபோல் பொங்கி நின்ற தலைமுடியோடு, மலாயில் பாடி மலேசியா முழுக்க ஜெயித்தார்கள். 2007இல் லோகநாதன் மறைந்தார். எம். நாசிர் முதலியோர் அவர்களுக்குப் போட்டுத் தந்த பாட்டுகள் இன்றும் கல்யாண வீடுகளில் ஒலிக்கின்றன. தமிழ் வீட்டில் பிறந்து மலாய்ப் பாட்டில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதையை அந்தப் பாட்டுகளைக் கொண்டு தமிழும் மலாயும் கலந்து சொல்லும் நாடகம், பினாங்கைத் தவிர வேறெங்கு எழுத முடியும்?

இடத்துக்குக் குறை சொல்ல முடியாது. லைட் தெருவில் டேவான் ஸ்ரீ பினாங்கு இருக்கிறது, 2010 முதல் ஜோர்ஜ் டவுன் விழா நடக்கிறது, ஜாலான் பி. ரம்லியில் கால்மேல் நிற்கும் ரம்லியின் மரவீடு நினைவகமாக இருக்கிறது. வேண்டியது ஒரு நாடகாசிரியரும், பாடி நடிக்கத் தெரிந்த இருபது பேரும், வரிகளின் உரிமையாளர்களிடம் பொறுமையாகப் பேசக்கூடிய ஒரு தயாரிப்பாளரும். புதிய இசை நாடகம் ஒன்றை எழுதி, வாசித்துப் பார்த்து, திருத்தி, மேடைக்குக் கொண்டுவர மூன்று நான்கு ஆண்டுகள் பிடிப்பது வழக்கம். 2029 மார்ச்சில் திரை உயர வேண்டுமென்றால் எழுதும் வேலை இப்போதே தொடங்க வேண்டும்.