அப்பா கேட்டது ஸ்பானிஷில், மகன் சொன்னது ஆங்கிலத்தில்

2025 ஜூன் 14. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தில் டாட்ஜர்ஸும் சான் பிரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸும் மோதிய பேஸ்பால் ஆட்டம். டாட்ஜர்ஸ் வென்றது. ஆனால் என் மனதில் நின்றது ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒலித்த தேசிய கீதம்.

அதற்கு முந்தைய வாரம்தான் அந்த நகரில் ஆவணமில்லாத குடியேறிகளைத் தேடும் வேட்டை தொடங்கியிருந்தது. துணி நிறுவனம், கார் கழுவும் இடம், கூலிவேலைக்கு ஆள் நிற்கும் கடை வாசல் என்று எங்கும் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சூழலில் பாடகி நெஸ்ஸா மைக் முன்னால் வந்தார். பெற்றோர் வழியில் கொலம்பியாவும் டொமினிகன் குடியரசும் கலந்த ரத்தம். ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும் என்று மைதான ஊழியர் ஒருவர் அவரிடம் சொன்னது, அவரே பிறகு வெளியிட்ட வீடியோவில் இருக்கிறது. அவர் ஸ்பானிஷில் பாடினார்.

அந்த ஸ்பானிஷ் வரிகள் புதிதாகக் கட்டியவை அல்ல. அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் அமெரிக்க அரசே விரும்பிக் கேட்டு, பெருவில் பிறந்த க்ளோதில்தே அரியாஸ் எழுதித் தந்த மொழிபெயர்ப்பு. மெட்டு அதே, பொருளும் அதே. மாறியது மொழி மட்டும்தான். அந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருந்தது. எதிர்ப்புப் பாட்டு என்றால் குரலை உயர்த்தியே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மொழியை மாற்றியே அடிவயிற்றைப் பிசையும் இந்த வித்தையின் உச்சம் எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: லோஸ் டீக்ரெஸ் தெல் நோர்த்தே குழுவின் ‘லா ஹவ்லா தே ஓரோ’. ‘தங்கக் கூண்டு’ என்று பொருள்.

மெக்சிகோவின் சினலோவா மாநிலத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1960களின் இறுதியில் எல்லை தாண்டிப் பாட வந்த பையன்கள் இவர்கள். ஹெர்னாண்டஸ் சகோதரர்களும் ஓர் உறவுக்காரரும். வரும் வழியில் ஒரு குடிவரவு அதிகாரி ‘குட்டிப் புலிகள்’ என்று செல்லமாக அழைத்ததே குழுவின் பெயரானது என்பார்கள். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் தங்கிவிட்டார்கள். இவர்களுடைய இசையின் உயிரான அக்கார்டியனும் ஒரு குடியேறிதான். ஜெர்மானியர்களும் செக் நாட்டவர்களும் போல்காவோடு சேர்த்து அந்த எல்லைப் பகுதிக்குக் கொண்டுவந்த வாத்தியம் அது.

என்ரிக்கே ஃபிராங்கோ எழுதிய இந்தப் பாடல் 1980களின் முன்பாதியில் வந்தது. கதை எளிமையானது. எல்லை தாண்டி வந்து பத்து ஆண்டுகள் ஆன ஒரு தகப்பன். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, மனைவி மக்கள் இருக்கிறார்கள், காகிதம் மட்டும் இல்லை. வேலைக்குப் போவார், வீடு திரும்புவார். பிடித்து நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயத்தில் தெருவில் தலைகாட்டமாட்டார். முன்னணிப் பாடகர் ஹோர்கே ஹெர்னாண்டஸ் இதைப் பாடும் விதத்தைக் கேளுங்கள். அழமாட்டார், இழுக்கமாட்டார், சங்கதி எதுவும் போடமாட்டார். ‘கொரிதோ’ என்னும் கதைப்பாடல் மரபில் பாடகர் நடந்ததை நேராகச் சொல்லிப் போவார், அழுவது கேட்பவர் பொறுப்பு.

பாட்டின் நடுவில்தான் அந்த இடம் வருகிறது. பாடுவது நின்று பேச்சு தொடங்குகிறது. தகப்பன் மகனிடம் ஸ்பானிஷில் கேட்கிறார்: மெக்சிகோவுக்கே திரும்பிப் போய் வாழலாமா? மகன் ஆங்கிலத்தில் மறுக்கிறான். சில நொடிகள்தான். கேள்வி ஒரு மொழி, பதில் வேறொரு மொழி. போலீஸ் வரவில்லை, விலங்கு பூட்டவில்லை, எல்லையில் யாரும் சாகவில்லை. ஆனாலும் அந்த மனிதர் தன் வீட்டுக்குள்ளேயே நாடு கடத்தப்பட்டுவிட்டார். இருபது சரணம் எழுதினாலும் இந்தக் கனம் வராது. ‘உரிமை’, ‘விடுதலை’ என்று முழங்கும் பாடல்களையும் மதிக்கிறேன். ஆனால் என் தீர்ப்பில் அவை எதுவும் இந்தச் சின்ன உரையாடலின் பக்கத்தில் நிற்காது.

1986இல் அமெரிக்க அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டப்படியான இருப்புரிமை கிடைத்தது. அதன் பிறகும் பாடல் பழசாகவில்லை. காரணம், காகிதமில்லாத அடுத்த தகப்பன் வந்துகொண்டே இருந்தான். இந்தக் குழுவின் கச்சேரிகளில் ரசிகர்கள் தங்களுக்கு வேண்டிய பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு நீட்டுவார்கள். குழுவினர் வாங்கிப் படித்துப் பாடுவார்கள், மணிக்கணக்கில்.

அதே ஃபிராங்கோ எழுதிய இன்னொரு பாடல் ‘மூன்று முறை மோஹாதோ’. எல் சால்வடாரிலிருந்து கிளம்பி குவாத்தமாலா, மெக்சிகோ, அமெரிக்கா என்று மூன்று எல்லைகளைக் கடந்தவனின் கதை. ‘மோஹாதோ’ என்றால் நனைந்தவன். ஆற்றை நீந்தி வந்தவன் என்று இழித்துக் கூப்பிடும் வசைச்சொல். இலங்கையில் மலையகத் தமிழர்மீது வீசப்பட்ட ‘கள்ளத்தோணி’யை அறிந்த நமக்கு இதன் விஷத்தை விளக்க வேண்டியதில்லை. அந்த வசையையே பாட்டின் தலைப்பாக்கி, கதாநாயகனுக்குப் பட்டமாகச் சூட்டினார்கள்.

இன்னும் பின்னால் போனால் 1948 ஜனவரி 28. கலிபோர்னியாவின் லோஸ் காடோஸ் பள்ளத்தாக்கில் ஒரு விமானம் விழுந்து 32 பேர் இறந்தார்கள். 28 பேர் மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பண்ணைத் தொழிலாளர்கள். ஒப்பந்தத்தில் வந்தவர்களும் உண்டு, காகிதமின்றி வந்தவர்களும் உண்டு. விமானப் பணியாளர்களின் பெயர்கள் செய்தியில் வந்தன. மற்றவர்கள் வெறும் ‘நாடு கடத்தப்பட்டவர்கள்’. அந்தச் சொல் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வூடி கத்ரியைச் சுட்டது. பெயரில்லாமல் போனவர்களுக்குத் தன் கவிதையில் அவரே பெயர் வைத்து விடைகொடுத்தார். சுமார் பத்தாண்டு கழித்து மார்ட்டின் ஹாஃப்மன் என்ற இளைஞர் மெட்டமைக்க, பாடகர் பீட் சீகர் அதை மேடை மேடையாகக் கொண்டுபோனார். ஜோன் பயஸும் பாடினார். கேட்டவர்கள் மனதில் அந்தக் கேள்வி ஆறவேயில்லை: அவர்களுடைய உண்மையான பெயர்கள் என்ன?

ஃப்ரெஸ்னோ கல்லறைத் தோட்டத்தில் அந்த 28 பேரையும் ஒரே குழியில் புதைத்திருந்தார்கள். எழுத்தாளர் டிம் இசட். ஹெர்னாண்டஸும் மற்றவர்களும் பெயர்களைத் தேடி எடுத்தார்கள். 2013 செப்டம்பரில் அங்கே புதிய கல் ஒன்று நடப்பட்டது. அதில் 28 பெயர்களும் இருக்கின்றன.