தேயிலைத் தோட்டத்தில் அளந்த ஈறுகள்

பல்லின் அடியில் படியும் வெண்மையான, வழவழப்பான படலத்தை நாம் நகத்தால் சுரண்டிப் பார்த்திருப்போம். அது வெறும் உணவுத் துணுக்கு அன்று; அதில் பெரும்பகுதி பாக்டீரியாக்களே. ஒரு மில்லிலிட்டர் உமிழ்நீரில் சுமார் 10 கோடி பாக்டீரியாக்கள் உள்ளன. உமிழ்நீரின் புரதங்கள் பல்லின்மேல் மெல்லிய பூச்சாகப் படிய, அதைப் பற்றிக்கொண்டு இவை குடியேறுகின்றன. பின்பு உமிழ்நீரிலுள்ள கால்சியம், பாஸ்பேட் உப்புகளால் படலம் இறுகிப் பற்காரையாகிறது.

இப்படலமே ஈறு வீங்கக் காரணம் என்பதை 1965-இல் ஹரால்டு லோ என்னும் நார்வே நாட்டுப் பல் மருத்துவரும் அவர் குழுவினரும் டென்மார்க்கில் காட்டினர். 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கியதும் மறைந்தது. எளிய, அழகான சோதனை.

அழற்சியைக் கவனிக்காமல் விட்டால் பல் விழுமா? புதுச்சேரியில் என் மாணவர்களைக் கேட்டால், தயங்காமல் ‘விழும்’ என்பார்கள். பற்பசை விளம்பரங்கள் அப்படிப் பழக்கியிருக்கின்றன. லோ குழுவினர் 1986-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை வேறு விடை தருகிறது. இலங்கையின் இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை, நம் தமிழர்களை, 1970 முதல் 1985 வரை அவர்கள் பரிசோதித்து வந்தனர். பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவமோ அங்கு இல்லை. ஏறத்தாழ எல்லோருக்கும் படலம், காரை, ஈறு அழற்சி. ஆயினும் சுமார் 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைந்து முற்றி, 45 வயதில் எல்லாப் பற்களும் போயின. 81 விழுக்காட்டினர் அவ்வயதில் சராசரியாக 7 பற்களை இழந்தனர். 11 விழுக்காட்டினருக்கு அழற்சிக்கு மேல் ஒன்றும் நேரவில்லை!

ஒரே எடையைத் தொங்கவிட்டாலும் ஒரு கம்பி அறுகிறது, இன்னொன்று தாங்குகிறது. எடையை மட்டும் அளந்து கம்பியை அறிய முடியாது. பாக்டீரியாவை எதிர்த்து நம் உடல் நடத்தும் போரில்தான் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது; அப்போரின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். புகைபிடித்தலும் நீரிழிவும் அதைக் கூட்டுகின்றன. இந்த வேற்றுமையை மில்லிமீட்டர் கணக்கில் வெளிக்கொணர்ந்ததே இக்கட்டுரையின் பெருமை.

ஆனால் எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1985-இல் எஞ்சியிருந்தவர்கள் 161 பேர்தாம். அதில் 8 விழுக்காடு என்பது 13 பேர். அவ்வளவு சிறு கூட்டத்தை வைத்து உலக மக்களை மூன்றாகப் பிரிப்பது அவசரம். மூன்றில் இரு பங்கினர் கணக்கிலிருந்து மறைந்த அதே ஆண்டுகளில்தான், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழர் பலர் கப்பலேறி இந்தியா வந்துகொண்டிருந்தனர். இதை மறந்து அந்த 161-ஐப் படிக்க என்னால் முடியவில்லை.

கட்டுரையின் தலைப்பிலேயே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நோயின் ‘இயற்கை வரலாறு’ என்கிறது அது. மருத்துவம் எட்டாத மக்கள் என்பதே இவர்கள் தேர்வானதற்குக் காரணம். தோட்டத்து லயத்துக்குப் பல் மருத்துவர் வராதது இயற்கையா? டென்மார்க்கின் 12 பேருக்கு மூன்று வாரத்தில் தூரிகை திரும்பக் கிடைத்தது. தோட்டத்தில் பதினைந்து ஆண்டுகள் அளவுகோல் மட்டும் வந்து போயிற்று. 45 வயதில் பல்லில்லாமல் சோறு உண்டவர் அட்டவணையில் ஒரு புள்ளியானார். இன்றும் ஈறு நோய் பற்றிய பாடநூல்கள் இம்மூன்று விழுக்காடுகளையும் எடுத்தாளுகின்றன. அவை எப்படிக் கிடைத்தன என்பதையும் மாணவர் கேட்டறிய வேண்டும்.

2010-இல் வேறொரு குழு அத்தோட்டங்களுக்குச் சென்று, பழைய 480 பேரில் 75 பேரைக் கண்டுபிடித்துப் பரிசோதித்தது. அவர்கள் இழந்த பற்கள் 0 முதல் 28 வரை.