பணிப்பெண்ணும் வெள்ளித்திரையும்

சிங்கப்பூர்ச் சினிமாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘இலோ இலோ’வை மறப்பதில்லை. அந்தோணி சென் இயக்கிய இப்படம் 2013-ம் வருஷம் பிரான்சு தேசத்துக் கான் படவிழாவில், முதற்படம் எடுப்போர்க்குரிய ‘தங்கக் காமிரா’ப் பரிசைப் பெற்றது. பரிசின் பெருமையைப் பலர் பேசிவிட்டனர். இப்படம் நம் வீடுகளைப் பற்றி என்ன சொல்லுகிறது என்பதையே நாம் இங்கு விசாரிக்க விரும்புகிறோம்.

1997-ம் வருஷத்துப் பொருளாதார நெருக்கடியே கதையின் காலம். தெரஸா என்னும் பிலிப்பைன்ஸ் பெண், தன் குழந்தையைப் பிரிந்து, சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள். எசமானி அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளுகிறாள். அங்கே அடியில்லை, உதையில்லை. ஓடிப்போகாதிருக்க ஒரு முன்னேற்பாடு, அவ்வளவே. இக்காட்சியே படத்தின் உயிர் என்பது நமது அபிப்பிராயம். அநீதி அரக்க வடிவில்தான் வரும் என்று எண்ணியிருப்போர்க்கு, அது வீட்டு வழக்கமாகவே குடியிருப்பதை இப்படம் காட்டிவிடுகிறது.

கெல்வின் டோங் 2005-ல் எடுத்த ‘தி மெய்ட்’ படத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதிலும் கதாநாயகி பிலிப்பைன்ஸ் பணிப்பெண்தான். ஆனால் அவள் படும் துன்பம் சீனரின் ஏழாம் மாதத்துப் பேய்க்கதைக்குள் மறைந்துவிடுகிறது. பார்ப்பவர் அலறுவர், பிறகு, ‘நாம் அப்படிப்பட்டவரல்லோம்’ என்ற நிம்மதியோடு வீடு திரும்புவர்.

நிற்க, ‘இலோ இலோ’வும் குறையற்றதன்று. சிறுவனுக்கும் பணிப்பெண்ணுக்கும் வளரும் அன்பே அதன் பொருள். குடும்பத்தின் வருமானம் குன்றி அவளை ஊருக்கு அனுப்பும்போது நம் கண்கள் கலங்குகின்றன. ஆயினும் அன்பைப் பற்றிப் பேசுமளவு படம் உரிமையைப் பற்றிப் பேசவில்லை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்ற விதி 2013-ல்தான் வந்தது. அதையும் பணம் கொடுத்து ஈடுசெய்ய இடமிருந்தது. மாதத்தில் ஒரு நாளையேனும் அவ்வாறு ஈடுசெய்யலாகாது என்பது 2023-ல் ஏற்பட்டது. வேலை நியமனச் சட்டமோ இன்னும் வீட்டுப் பணிப்பெண்களைத் தன் வரம்பில் சேர்க்கவில்லை.

இவை சீனர் வீட்டுக் கதைகள்தாமே என்று நம்மவர் தட்டிக்கழிக்க வேண்டாம். 2016-ல் இந்தியக் குடும்பம் ஒன்றில் வேலை செய்த மியன்மார்ப் பெண், பட்டினிக்கும் அடிக்கும் ஆளாகி மாண்டாள். இறந்தபோது அவள் நிறை 24 கிலோ. எசமானிக்கு 2021-ல் 30 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. வீட்டைக் கண்காணிக்க மாட்டிய காமிராவே வழக்கில் சாட்சியாயிற்று. எந்தச் சினிமாக்காரரும் எடுக்கத் துணியாத படத்தை அவ்வீட்டுச் சுவரே எடுத்து வைத்திருந்தது!

நம் பாட்டன்மார் பலர் கங்காணியின் முன்பணத்துக்குக் கடன்பட்டுக் கப்பலேறினர். லயத்து வாழ்வின் இழிவைத் தோட்டத்து வாசகர்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இன்றைய பணிப்பெண்ணும் ஏஜெண்டுக் கடனைத் தீர்க்கப் பல மாதச் சம்பளத்தை இழக்கிறாள். அந்த வரலாறுடைய நாமே எசமானராகும்போது எப்படி நடக்கிறோம்? இக்கேள்வியை எழுப்பும் தமிழ்ப் படம் ஒன்று சிராங்கூன் சாலையைச் சுற்றி வாழும் நம் கலைஞரிடமிருந்து வரவேண்டும். அதில் எசமானி தமிழே பேசட்டும்.

அதுவரை காத்திராமல், அலமாரியில் பணிப்பெண்ணின் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருப்போர், அதை இன்றே உரியவளிடம் கொடுத்துவிடுமாறு வேண்டுகிறோம்.