ருக்மிணியை நம்பிய பன்னிரண்டு ஆண்டுகள்

2025 நவம்பர் 2 மாலை, திருப்பதி மாவட்டத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்.வி.எம்.-3 ராக்கெட் கிளம்பியது. அது சுமந்துசென்ற சி.எம்.எஸ்.-03 என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் சுமார் 4,410 கிலோ எடை கொண்டது. இந்தியக் கடற்படைக்கு அது ஜிசாட்-7ஆர். அதற்கு முந்தைய ஜிசாட்-7, அதாவது 'ருக்மிணி', 2013 ஆகஸ்டில் தென் அமெரிக்காவின் கூரூவிலிருந்து ஏவப்பட்டது. இரண்டரை டன்னைத் தாண்டிய அந்தச் சுமைக்கு அன்று நம்மிடம் ராக்கெட் இல்லை.

ருக்மிணி வருமுன் நடுக்கடலில் செயற்கைக்கோள் தொடர்பென்றால் இன்மர்சாட் போன்ற வெளிநாட்டுச் சேவைதான். போர்க்காலத்தில் அந்த இணைப்பு யார் கையில் இருக்கும் என்ற கேள்வி கூடவே வரும். 2014-இல் வங்கக் கடலில் நடந்த போர்ப் பயிற்சியில் ஏறத்தாழ 60 கப்பல்களையும் 75 விமானங்களையும் ருக்மிணி பிணைத்தது. ஒரு கப்பலின் ரேடாரில் விழுந்தது மற்றவற்றின் திரையிலும் தலைமையகத்திலும் தெரிந்தது. இதன் பயனை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் ருக்மிணிக்குக் குறிக்கப்பட்ட ஆயுள் ஏழு ஆண்டுக்கு மேல், அவ்வளவுதான். அடுத்தது வரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை கடற்படைக்கென்று தனியாக வேறொன்று இல்லை. 2018 மார்ச்சில் இதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஜிசாட்-6ஏ செயற்கைக்கோள் சில நாட்களிலேயே பேச்சற்றுப்போனது. ருக்மிணிக்கு அப்படி நேராதது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தைத் திட்டமென்று சொல்ல முடியாது.

இரண்டாவது செயற்கைக்கோள் இருந்துவிட்டால் போதுமா? 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் வயாசாட் நிறுவனத்தின் வலையமைப்பு தாக்கப்பட்டபோது, வானிலிருந்த செயற்கைக்கோளுக்கு ஒரு கீறலும் இல்லை. செயலிழந்தவை தரையிலிருந்த மோடங்கள். ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான காற்றாலைகளின் தொலைக்கண்காணிப்பும் அதோடு போயிற்று. பிறகு உக்ரைனுக்குக் கைகொடுத்த ஸ்டார்லிங்க் இணையச் சேவைக்கு ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் உண்டு. 2025 ஜூலை 24 அன்று ஒரு மென்பொருள் கோளாறில் அது சுமார் இரண்டரை மணி நேரம் முடங்கியது, உக்ரைனின் போர்முனை உட்பட.

அதிகம் பேசப்படாத குறை இன்னொன்று. கப்பலின் திரை டெல்லித் தலைமையகத்திலும் தெரிந்தால், டெல்லிக்குக் கை சும்மா இருக்காது. கேப்டனும் மேலிடத்துத் தலையசைப்புக்குக் காத்திருக்கப் பழகிவிடுவார்.

நீர்மூழ்கிகளில் நிலைமை வேறு. நீருக்குள் மூழ்கியிருக்கும்போது அவற்றுக்குச் செயற்கைக்கோள் எட்டாது. அவற்றுக்கு 1990 முதல் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்திலுள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளத்திலிருந்து மிகத் தாழ் அதிர்வெண் அலையில் செய்தி போகிறது. கட்டளை போகும், அதே வழியில் பதில் வராது. மிச்சத்தைக் கேப்டன்தான் முடிவு செய்ய வேண்டும். மேற்பரப்புக் கப்பல்களின் பயிற்சியிலும் செயற்கைக்கோள் இணைப்பை வேண்டுமென்றே துண்டித்துவிட்டுச் சில நாட்கள் நடத்திப் பார்ப்பது, இன்னொரு செயற்கைக்கோளை ஏவுவதைவிட மலிவான காப்பீடு.